அரைத் திருகு

சமையல் மேசையின் ரொட்டித் தூளைத் துடைத்துவிட்டு
மூன்று பிக்கப்களைப் பரப்பியிருக்கிறேன்.
டுலூத்தில் இன்று பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு.
இரும்புத்தாது ஏற்றிய கடைசிக் கப்பல்
போய் ஒன்பது நாளாயிற்று.
ஏரி இறுகும்போது ஒரு சத்தம் வரும்,
யாரோ தடித்த கம்பியைச் சுண்டிவிட்டு
கையை எடுத்துக்கொண்டதுபோல.

கிட்டாரின் கழுத்தோரம் எனக்கு
அந்தச் சத்தம் வேண்டும் என்றேன்.
இங்வால்ட் ஈயக்கம்பியைக் கீழே வைத்தான்.
“சுத்தமா வேணும்னு சொல்லு, புரியும்.
ஏரி மாதிரின்னா நான் எங்க போக?”
என்றாலும் குழியை அகலமாகவே வெட்டித் தந்தான்,
எதை வேண்டுமானாலும் மாட்டிப் பார் என்று.

முதலாவது ஹம்பக்கர்.
இரட்டைச் சுருள், இரைச்சலே கிடையாது.
கீழ்க்கம்பியைத் தொட்டால்
ஈரக் கம்பளிக்குள் இருந்து பேசுகிற மனிதன்.
நல்லவன். கல்யாணம் செய்துகொள்ளலாம்.

இரண்டாவது, பேராசையோடு சுற்றிய ஒற்றைச் சுருள்.
ஒன்பதரை கிலோ ஓம்.
ஆம்பின் குமிழ் மூன்றைத் தாண்டியதும்
ஓரம் கருக ஆரம்பிக்கும்.
கருகல் பிடித்தவர்கள் இருக்கிறார்கள்.
நானோ வெள்ளி இரவுகளில்
மாலுமிகள் மண்டபத்து மீன் விருந்தில்
செயற்கை முழங்கால்களுக்கு வால்ட்ஸ் வாசிப்பவள்.

மூன்றாவதில் சுற்று குறைவு, ஐந்தே முக்கால்.
காந்தம் முரடு.
விலையைக் கேட்டபோது மட்டும்
இரண்டு காதும் நன்றாகக் கேட்டது.

ஆம், அதைச் சொல்லவில்லை.
டாக்கனைட் ஆலையில் பதினாறு வருடம்
நொறுக்கியின் இடப்பக்கம் நின்றிருக்கிறேன்.
வலது காதில் நாலாயிரம் ஹெர்ட்ஸுக்கு மேல்
கதவு சாத்தியாயிற்று.
ஜன்னலுக்கு வெளியே குருவி வாய் திறப்பது தெரியும்.
கண்ணாடி, மணி, பனித்துளி என்று
எல்லாரும் மெச்சுகிற அந்த மேல்விளிம்பு
எனக்கு வெறும் வதந்தி.

அதனால்தான் பேஸ் வாசிக்கும் லொரீனைக் கூப்பிட்டு
சுவரைப் பார்த்து உட்கார வைத்தேன்.
கம்பி தளர்த்தி, ஈயம் உருக்கி, மூடி திருகி,
மறுபடி கம்பி முறுக்கி, சுருதி சேர்த்து,
மூன்று தடவை ஒரே மெட்டு.
இரண்டு பாத்திரம் காபி தீர்ந்தது.

மூன்றாவதில் அவள் திரும்பிவிட்டாள்.
“உன் நகம் கேக்குது, ஐலி.
விரல் வழுக்குறது கேக்குது.
பன்னெண்டாவது ஃப்ரெட்டுக்குப் போறதுக்கு முன்னாடி
நீ பயப்படுறே. இத்தனை வருஷமா பயந்திருக்கே.”

எனக்குக் கேட்காத என்னை
அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.
கை தானாக ஹம்பக்கரின் பக்கம் போயிற்று.
நல்லவன். கம்பளிக்குள் எல்லாவற்றையும் மறைப்பான்.

“ஆனா மேல போகப் போக
ஒரு சுரம் ரெண்டா உடையுது,” என்றாள்.
அது எனக்கும் பிடிபட்டது, காதில் அல்ல.
தாடையைக் கிட்டாரின் கொம்பில் அழுத்தி
மேல் ஃப்ரெட்டில் ஒரு சுரத்தை நிற்கவிட்டேன்.
பல்லுக்குள் ஒரு துடிப்பு,
அடுத்த அறையில் வாஷிங் மெஷின் ஓடுவதுபோல.
காந்தம் மிகவும் நெருங்கி நின்று
கம்பியைப் பிடித்து இழுக்கிறது.

ஸ்க்ரூவை அரைத் திருகு இறக்கினேன்.
துடிப்பு தளர்ந்தது.
இன்னொரு அரை.
பிறகு ஒரு கால் திருகு, மனசில்லாமல்.
சத்தம் கொஞ்சம் மெலிந்தது;
ஆம்பைக் கூட்டினேன், நாலு வரைக்கும், கருகவில்லை.
தாடையில் ஒற்றைச் சுரம்,
மேசை விளிம்புபோல நேராக.

லொரீன் எதுவும் சொல்லவில்லை.
கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை. வறுத்த மீன் வாசம்,
கதவோரம் பனிக்காலணிகளின் குவியல்.
மூன்றாவது வால்ட்ஸில் அந்த இடம் வந்தது.
என் விரல் வழக்கம்போல் தயங்கியது,
இந்த முறை ஒளிய இடமில்லாமல், மண்டபம் முழுக்க.

ஆர்விட் லிண்டாலும் அவர் மனைவியும்
ஒரு காலைத் தூக்கியபடி
காத்திருந்தார்கள்.
அந்தத் தயக்கத்தை அவர்கள்
எப்போதோ ஆட்டத்தில் சேர்த்துவிட்டிருந்தார்கள்.
சுரம் விழுந்தது. கால் இறங்கியது.